போக மறுத்த கோப்புறை: நான்கு மாலைகளின் குறிப்பு

ஞாயிறு இரவு 11:40-க்கு 'ஆர்எம்டிர் பழசு' என்று அடித்து என்டர் தட்டினேன். முனையம், அதாவது கட்டளைகளை அடிக்கும் சன்னல், ஒரு சொல்லும் பேசாமல் அடுத்த வரிக்கு வந்து நின்றது. யூனிக்ஸ் வகைக் கணினிகளில் மௌனம் என்றால் வேலை முடிந்தது என்று பொருள். வியாழக்கிழமை மாலை "பத்து நிமிட வேலை" என்று உட்கார்ந்த வேலை இது. ஒரு கோப்புறையை நீக்க நான்கு மாலைகள், கூட்டிப்பார்த்தால் ஏறக்குறைய பதின்மூன்று மணி நேரம் ஆகியிருக்கிறது. நடுவில் சர்வரை ஒருமுறை குற்றுயிராக்கினேன். இருக்கவேண்டிய கோப்பு ஒன்றை அழித்தேன். பிழைகளைக் குறித்துவைத்த கோப்பையும் அழித்தேன். சூடு ஆறுவதற்குள் எழுதிவைக்கிறேன்.

கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழிலேயே எழுதியிருக்கிறேன். முனையத்தில் புழங்குகிறவர்களுக்கு 'ஆர்எம்', 'எல்எஸ்' என்றால் எந்தச் சிற்றெழுத்துகள் என்று தெரியும். மற்றவர்களுக்கு: 'ஆர்எம்' நீக்கும், 'எல்எஸ்' பட்டியலிடும்.

களம் இதுதான்: லினக்ஸ் ஓடும் பழைய காப்புப்பிரதி சர்வர். 4 டிபி வன்தட்டு, எக்ஸ்ட்4 கோப்பு முறை. 'டிஎஃப்' கட்டளை 96 சதவீதம் நிரம்பிவிட்டது என்றது. அதில் 'பழசு' என்ற கோப்புறை மட்டும் 1.1 டிபி, அதைக் கூட்டிச் சொல்லவே 'டியூ' 38 நிமிடம் எடுத்துக்கொண்டது. தட்டையே வடிவூட்டிவிட்டால் நொடிகளில் முடிந்திருக்கும், ஆனால் அதே தட்டில் இன்னும் புழக்கத்தில் இருக்கும் கோப்புறைகள் உண்டு. 'பழசு'க்கு உள்ளேயும் 'கணக்கு' என்ற ஒரு கோப்புறை பிழைத்திருக்கவேண்டியது. குப்பையை அகற்றி, அதை வெளியே நகர்த்தவேண்டும். தொடங்கும் முன் 'கணக்கு' முழுவதையும், 6 ஜிபி, வேறொரு தட்டுக்கு நகலெடுத்தேன். நான்கு நாளில் நான் செய்த புத்திசாலித்தனமான காரியங்களில் இதற்குத்தான் முதலிடம். இரண்டாம் இடத்துக்குப் போட்டியே இல்லை.

வியாழன்

'கணக்கு'வைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று, மற்ற துணைக்கோப்புறைகளின் பெயர்களை வரிசையாகக் கொடுத்து 'சூடோ ஆர்எம் -ஆர்எஃப்' என்று அடித்தேன். ரூட் (எல்லாம் செய்யக்கூடிய நிர்வாகி) அதிகாரம், உள்ளே புகுந்து நீக்கு, கேள்வி கேட்காதே. மூன்றையும் ஒரே வரியில் கொடுத்தேன். விரல்களுக்கு அது பழகிப்போன வரி. அதில்தான் வினையே.

இருபது நிமிடம் அமைதியாகப் போனது. பிறகு திரை நிறையப் பிழைகள் ஓடத் தொடங்கின. எல்லாவற்றிலும் 'ப்ராக்' என்ற சொல் இருந்தது. கெர்னல் (இயங்குதளத்தின் மையக்கரு) தன் நிலவரத்தைக் கோப்புகள் போலக் காட்டும் இடம் அது; வன்தட்டில் இருப்பதே இல்லை. 'பழசு'க்குள் அதற்கு என்ன வேலை என்று யோசித்தபடி கன்ட்ரோல்-சி அழுத்தி நிறுத்தினேன். இன்னொரு முனையம் திறக்கப் பார்த்தேன். '/டெவ்/நல்' பற்றி முறையிட்டுவிட்டு உள்நுழைவு பாதியில் நின்றது.

திறந்திருந்த முனையத்திலேயே 'எல்எஸ் -எல் /டெவ்/நல்' போட்டுப் பார்த்தேன். வரியின் முதல் எழுத்து, எழுத்துவகைச் சாதனம் என்பதைக் குறிக்கும் 'சி'யாக இருக்கவேண்டும். அங்கே வெறும் கோடு இருந்தது, அதாவது சாதாரணக் கோப்பு. சாதன எண்கள் 1, 3 என்று இருக்கவேண்டிய இடத்தில் கோப்பின் அளவு இருந்தது. மறுபடி பார்த்தபோது அந்த அளவு கூடியிருந்தது. எதைக் கொட்டினாலும் காணாமல் போகவேண்டிய பாழ்ங்கிணறு, தண்ணீர் தேங்கும் தொட்டியாகிவிட்டது. ரூட்டாக ஓடும் ஏதோ ஒரு நிரல் அங்கே எழுதப்போய், அப்படி எதுவும் இல்லாததால் புதிதாக ஒரு கோப்பை உண்டாக்கிவிட்டது.

நடந்தது இதுதான். 'பழசு'க்குள் யாரோ சோதனைக்காக ஒரு முழு லினக்ஸ் பிரதியைக் குடிவைத்திருந்தார்கள், 'சிஎச்ரூட்' செய்து உள்ளே போய்ப் பார்ப்பதற்காக. அது இயங்கவேண்டும் என்பதற்காக உண்மையான '/டெவ்'வையும் '/ப்ராக்'கையும் அதற்குள் இணைத்திருந்தார்கள். 'மவுண்ட் --பைண்ட்' என்பது குறுக்குவழி அல்ல, அதே அறைக்கு இன்னொரு வாசல். குறியீட்டு இணைப்பாக இருந்தால் 'ஆர்எம் -ஆர்' இணைப்பை மட்டும் நீக்கிவிட்டுப் போகும், அது காட்டும் இடத்துக்குள் நுழையாது. பைண்ட் வாசல் வழியாக நுழையும். நுழைந்து, சர்வரின் சாதனக் கோப்புகளைத் துடைத்துவிட்டது. 'ப்ராக்'கில் எதையும் நீக்கக் கெர்னல் விடாததால்தான் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் வராதிருந்தால் இன்னும் எவ்வளவு நேரம் காப்பி குடித்துக்கொண்டிருந்திருப்பேனோ.

'எம்கேநோடு' கொண்டு நல் சாதனத்தை மீண்டும் உண்டாக்கலாம், ஆனால் வேறு எவை எவை போயின என்று எனக்குத் தெரியாது. '/டெவ்' வன்தட்டில் வாழ்வதில்லை. ஒவ்வொரு தொடக்கத்திலும் கெர்னல் நினைவகத்தில் புதிதாகக் கட்டுவது. அந்த நம்பிக்கையில் சர்வரை மறுதொடக்கம் செய்தேன். எழுந்து வர ஆன நான்கு நிமிடமும் நாற்காலியில் உட்காரவில்லை.

வந்தது. 'ஃபைண்ட்மவுண்ட்' கட்டளை (எழுத்தில் 'மவுண்ட்'டின் உயிரெழுத்துகள் இருக்காது) இணைப்புகளை மரம்போலக் காட்டும். அந்த இரண்டு வாசல்களும் மீண்டும் அங்கேயே இருந்தன. தொடக்கத்தில் எவற்றை இணைக்கவேண்டும் என்று பட்டியலிடும் 'எஃப்எஸ்டேப்' கோப்பில் நிரந்தரமாக எழுதிவைத்திருந்தார்கள். இரண்டு வரிகளையும் நீக்கினேன், 'யூமவுண்ட்' செய்தேன், மறுபடி பார்த்து உறுதிசெய்துகொண்டு படுக்கப் போனேன்.

'ஆர்எம்'மில் '--ஒன்-ஃபைல்-சிஸ்டம்' என்ற விருப்பம் உண்டு. வேறு கோப்பு முறையைச் சேர்ந்த கோப்புறை எதிர்ப்பட்டால் தாண்டிப் போய்விடும். வியாழக்கிழமை அது இருந்திருந்தால் என்னைக் காப்பாற்றியிருக்கும். ஆனால் அதையும் முழுக்க நம்பமுடியாது: அதே தட்டிலுள்ள இன்னொரு கோப்புறையை யாராவது பைண்ட் செய்திருந்தால் இரண்டுக்கும் சாதன எண் ஒன்றுதான், அதனால் வேறுபாடு தெரியாது. கண்ணால் பார்ப்பதற்கு மாற்று இல்லை.

வெள்ளி

இனி 'சூடோ' இல்லை, '-எஃப்' இல்லை என்று முடிவுசெய்தேன். அந்த லினக்ஸ் பிரதியை மட்டும், இணைப்புகள் இல்லை என்று பார்த்துவிட்டு, ரூட்டாக நீக்கினேன். மற்றதற்கெல்லாம் சாதாரணப் பயனராக 'ஆர்எம் -ஆர்', பிழைச் செய்திகளை '2>' போட்டு ஒரு கோப்புக்குத் திருப்பினேன். முதல் நாள் இதைச் செய்யாததால் ஓடிப்போன செய்திகளில் என்னென்ன இருந்தன என்று இன்றுவரை தெரியாது.

கோப்பில் சேர்ந்தவற்றை 'சார்ட்', 'யூனிக்' வழியாக அனுப்பி வகைவாரியாக எண்ணினேன். ஏதோ பெரிய குழப்பம் என்று நினைத்தது நான்கு வகைக்குள் அடங்கியது. "பெர்மிஷன் டினைடு" 212. "ஆப்பரேஷன் நாட் பர்மிட்டெட்" 9. கோப்புறை காலியாக இல்லை என்பது சில, அவை முந்தியவற்றின் விளைவு. இவற்றோடு 'தற்காலிகம்' என்ற கோப்புறைக்குள் போய் நானே வரவழைத்துக்கொண்ட ஒன்று: "ஆர்குமென்ட் லிஸ்ட் டூ லாங்".

கடைசியிலிருந்து தொடங்கினேன், அது எளிது என்பதால். 'தற்காலிகம்' கோப்புறையில் ஏறக்குறைய 14 லட்சம் சிறு கோப்புகள். 'ஆர்எம் *' என்று அடித்தால் நட்சத்திரக்குறியை விரிப்பது ஆர்எம் அல்ல, ஷெல், அதாவது நாம் அடிக்கும் வரியை வாங்கிக் கட்டளைகளை ஓட்டும் நிரல். 14 லட்சம் பெயர்களையும் ஒரே கட்டளை வரியாகக் கோத்துக் கெர்னலிடம் நீட்டுகிறது. அது தாங்கும் அளவை 'கெட்கான்ஃப் ஆர்க்_மேக்ஸ்' சொல்லும். என் சர்வரில் 20,97,152 பைட், அதாவது 2 எம்பி. ஆர்எம் ஓடவே இல்லை, வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டது. இதற்கு ரூட் அதிகாரம் ஒன்றும் செய்யாது. (சூடோ போட்டும் பார்த்தேன். முடிவெடுத்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.)

'ஃபைண்ட்' பெயர்களைக் கோக்காமல் ஒவ்வொன்றாக நீக்கும். முதலில் '.டிஎம்பி' என்று முடிபவற்றை மட்டும் நீக்கிப் பார்க்கலாம் என்று இப்படி அடித்தேன்:

ஃபைண்ட் . -டெலீட் -நேம் '*.டிஎம்பி'

வாசிக்க ஒழுங்காகத்தான் இருக்கிறது: "நீக்கு, இந்தப் பெயருள்ளவற்றை". ஆனால் ஃபைண்ட் இடமிருந்து வலமாகச் செயல்படும். முதலில் நீக்கும், பிறகுதான் பெயர் பொருந்துகிறதா என்று கேட்கும். தலையை வெட்டிவிட்டு விசாரணை. 52 நிமிடம் கழித்துப் பார்த்தால் கோப்புறையில் எதுவும் இல்லை. போகவேண்டியவைதான் என்பதால் நஷ்டம் இல்லை, ஒன்றைத் தவிர: பிழைகளைச் சேமித்த கோப்பை அந்தக் கோப்புறையில்தான் வைத்திருந்தேன். எண்ணிக்கைகளைத் தாளில் எழுதியிருந்ததால் மேலே சொல்ல முடிந்தது. சரியான வரிசையில் '-டெலீட்' கடைசிச் சொல். அதற்கும் முன், அதே இடத்தில் '-பிரிண்ட்' போட்டு ஓட்டி, எவை சிக்குகின்றன என்று பார்த்துவிட வேண்டும். இப்போது அதை மீறுவதில்லை.

எல்லாம் போன பிறகும் 'எல்எஸ் -எல்டி' அந்தக் கோப்புறையின் அளவை 78 எம்பி என்று காட்டியது. எக்ஸ்ட்4-இல் கோப்புறையின் பெயர்ப் பட்டியல் வளரும், பெயர்கள் போனாலும் சுருங்காது. காலிக் கோப்புறைக்குள் 'எல்எஸ்' அடித்தால் பதில் வரச் சில விநாடிகள் ஆயின. கோப்புறையையே நீக்கியதும் அந்த 78 எம்பியும் திரும்பியது. வைத்துக்கொள்ளவேண்டிய கோப்புறையாக இருந்தால், புதிதாக ஒன்றை உண்டாக்கி, இருப்பவற்றை அதற்கு மாற்றி, பழையதை நீக்குவதுதான் வழி.

அடுத்து 212 அனுமதி மறுப்புகள். இங்கே ஒரு மணி நேரம் மூடத்தனமாகக் கழிந்தது. கோப்புகள் என் பெயரில்தான் இருந்தன. எழுதும் உரிமை இல்லாததைப் பார்த்து, எல்லோருக்கும் எல்லா உரிமையும் தரும் 'சிஎச்மோட் 777' போட்டேன். மறுப்பு. உரிமையாளர் பெயரைச் சரிபார்த்தேன், நான்தான். மறுப்பு. இந்த மயக்கத்துக்கு ஆர்எம்மும் ஓரளவு பொறுப்பு: எழுதத் தடையுள்ள கோப்பு என்றால் நின்று "நீக்கவா?" என்று கேட்கிறது. அதைப் பார்த்துப் பார்த்து, கோப்பின் உரிமைதான் பூட்டு என்று மனதில் பதிந்துவிடுகிறது. பூட்டு அங்கே இல்லை. நீக்குவது என்றால் கோப்புறை என்ற பதிவேட்டில் ஒரு பெயரை அடிப்பது. பதிவேட்டில் எழுதும் உரிமை இருந்தால் போதும். அந்தப் பதிவேடுகள், ஏதோ காப்பு மென்பொருளின் புண்ணியத்தில், 555 என்று இருந்தன: படிக்கலாம், நுழையலாம், எழுதக்கூடாது. கோப்புறைகளுக்கு மட்டும்:

ஃபைண்ட் . -டைப் டி -எக்செக் சிஎச்மோட் யூ+டபிள்யூ {} +

212-உம் அடுத்த ஓட்டத்தில் போயின. நான்கு விநாடி. அதற்குப் பிறகு எந்தக் கோப்பு முரண்டு பிடித்தாலும் முதலில் அதன் கோப்புறையைத்தான் 'எல்எஸ் -எல்டி' போட்டுப் பார்க்கிறேன்.

சனி

'கணக்கு' கோப்புறை. இதை மேலிருந்து '-ஆர்' போட்டு நீக்குவதாக இருந்தால் இந்த மாலையே தேவைப்பட்டிருக்காது. எப்படிப்பட்ட பெயரையும் ஆர்எம் தானே எடுத்து நீக்கிக்கொள்ளும். பொறுக்கி எடுத்து நீக்கவேண்டும் என்றால்தான் பெயரை நாம் அடிக்கவேண்டியிருக்கிறது, அடிக்க முடியாத பெயர்கள் அப்போதுதான் தொல்லை. யூனிக்ஸில் ஒரு கோப்பின் பெயரில் சாய்கோடும் சுழி பைட்டும் தவிர எதுவும் வரலாம்: இடைவெளி, வரிமுறிப்பு, கண்ணுக்குத் தெரியாத குறிகள், எல்லாம். உச்சவரம்பு 255 பைட். தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் யுடிஎஃப்-8-இல் 3 பைட் என்பதால் நமக்கு அது 85 குறிகள்தான், மெய்யெழுத்தின் புள்ளியும் கொம்பும் காலும் தனிக் கணக்கு.

முதல் கோப்பு வேடிக்கையானது. ஒரு துணைக்கோப்புறையில் 'ஆர்எம் *' அடித்தேன். '-எஃப்' இல்லாமல், வேறு எதுவும் இல்லாமல். ஒவ்வொரு கோப்புக்கும் நின்று "நீக்கவா?" என்றது. எழுதத் தடை எதுவும் இல்லாத கோப்புகள். எல்லாவற்றுக்கும் ஆம் என்று சொல்லி முடித்த பிறகு ஒரே ஒரு கோப்பு மிஞ்சியது. அதன் பெயர் '-ஐ'. சிறு கோடு, அதன் பின் ஓர் ஆங்கில எழுத்து. ஷெல் நட்சத்திரத்தை விரித்தபோது இந்தப் பெயரும் வரிசையில் வந்தது. ஆர்எம் அதைக் கோப்பாக அல்ல, "கேட்டுக் கேட்டு நீக்கு" என்ற விருப்பமாக எடுத்துக்கொண்டது. யாரோ காவல் தெய்வம் போல வேண்டுமென்றே நட்டுவைத்திருக்கிறார்கள். அதை நீக்க 'ஆர்எம் ./-ஐ' போதும், முன்னால் புள்ளியும் சாய்கோடும் வந்துவிட்டால் அது விருப்பம் போலத் தோன்றாது. 'ஆர்எம் -- -ஐ' என்றும் சொல்லலாம், இரட்டைக் கோட்டுக்குப் பின் வருபவை எல்லாம் பெயர்களே. இது புதுத் தலைவலி அல்ல. 1971-இல் வந்த யூனிக்ஸின் முதல் கையேட்டிலேயே, கோப்புறையிலுள்ள ஒவ்வொரு பெயராகக் காட்டி "இதை நீக்கவா" என்று கேட்கும் 'டிஎஸ்டபிள்யூ' என்ற தனிக் கட்டளை இருந்தது.

இரண்டாவது: பன்னிரண்டு அறிக்கைக் கோப்புகள். 'எல்எஸ்' காட்டும் பெயரை அப்படியே அடித்தால் "அப்படி ஒரு கோப்பு இல்லை" என்றது. நகலெடுத்து ஒட்டினாலும் இல்லை. பெயரின் கடைசியில் ஒரு கேள்விக்குறி தெரிந்தது. அது பெயரில் உள்ள கேள்விக்குறி என்று நினைத்து மேற்கோளுக்குள் போட்டேன், அப்போதும் இல்லை. பிறகு 'எல்எஸ்' வெளியீட்டை 'ஓடி -பி' வழியாக அனுப்பினேன், ஒவ்வொரு பைட்டையும் எண்மமாகக் காட்டும். பெயர் முடியும் இடத்தில் 015, அதன்பின் 012. 012 எல்எஸ் போட்ட வரிமுறிப்பு. 015 பெயரைச் சேர்ந்தது. விண்டோஸில் சேமித்த ஷெல் ஸ்கிரிப்டின் (கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த கோப்பு) ஒவ்வொரு வரியும் 015, 012 என்ற இரட்டையில் முடியும். யூனிக்ஸ் ஷெல் 012-ஐ மட்டும் வரி முடிவாகக் கொண்டு 015-ஐப் பெயரோடு ஒட்டிவிடும். அந்த ஸ்கிரிப்ட் உண்டாக்கிய பன்னிரண்டுக்கும் கண்ணுக்குத் தெரியாத வால்.

இந்த சர்வரில் இருந்தது பழைய எல்எஸ். குனு கோர்யூட்டில்ஸ் 8.25-இலிருந்து, அதாவது 2016 முதல், இப்படிப்பட்ட பெயர்களை மேற்கோளிட்டு, மறைந்த குறியையும் வெளிக்காட்டும். பழையதில் "எனக்குத் தெரியவில்லை" என்பதற்கு அடையாளமாக ஒரு கேள்விக்குறி மட்டும். ஆனால் ஷெல்லுக்குக் கேள்விக்குறி என்றால் "ஏதேனும் ஓர் எழுத்து". எனவே மேற்கோள் இல்லாமல் அப்படியே 'ஆர்எம் அறிக்கை-03?' என்று அடித்தால் பொருந்துகிறது. அதற்கு முன் 'எக்கோ அறிக்கை-03?' போட்டு வேறெதுவும் சிக்கவில்லை என்று பார்த்துக்கொண்டேன்.

மூன்றாவதில்தான் விழுந்தேன். 'எல்எஸ்' இப்படிக் காட்டியது:

கொள்முதல்
கொள்முதல்

ஒரே கோப்புறை, ஒரே பெயர், இரண்டு கோப்புகள். நடக்கவே கூடாதது. அளவுகள் வேறு, தேதிகள் வேறு. பழையது போகவேண்டும், புதியது இருக்கவேண்டும். கண்ணுக்குத் தெரியாத வால் என்று இதையும் நினைத்து, வாலில்லாத பெயரைத் தட்டெழுதினால் வாலில்லாதது போகும், அதுதான் பழையதாக இருக்கவேண்டும் என்று எனக்கு நானே ஒரு தர்க்கம் சொல்லிக்கொண்டு 'ஆர்எம் கொள்முதல்' என்று அடித்தேன். ஒன்று போனது. போகவேண்டியது அல்ல, இருக்கவேண்டியது. அந்த 6 ஜிபி நகலிலிருந்து மீட்டுக்கொண்டு, இம்முறை முதலிலேயே 'ஓடி -பி' பார்த்தேன்.

முதல் எழுத்து 'கொ'வில் வேறுபாடு. ஒன்றில்:

340 256 225 340 257 212

மற்றதில்:

340 256 225 340 257 206 340 256 276

முதல் மூன்று பைட் இரண்டிலும் 'க'. அதன்பின் முதலாவதில் ஒகர உயிர்க்குறி ஒரே குறியாக, 3 பைட்டில். இரண்டாவதில் கொம்பு தனி, கால் தனி, 6 பைட். ஒருங்குறியில் இரண்டும் சமம், திரையிலும் இரண்டும் 'கொ'. லினக்ஸ் கெர்னலுக்கோ பைட் வேறென்றால் பெயர் வேறு. மேக் கணினிகளின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறை பெயர்களை இப்படிப் பிரித்துத்தான் சேமிக்கும். பழைய கோப்பு அப்படிப்பட்ட கணினி ஒன்றிலிருந்து வந்திருக்கவேண்டும். என் விசைப்பலகை சேர்ந்த குறியையே தரும், எனவே நான் எத்தனை முறை அடித்தாலும் புதியதுதான் சாகும்.

பெயரை அடிக்காமல் நீக்கவேண்டும். 'எல்எஸ் -ஐ' ஒவ்வொரு கோப்பின் ஐநோடு எண்ணையும், அதாவது கோப்பு முறை அதற்குத் தந்திருக்கும் அடையாள எண்ணையும், முன்னால் காட்டும். பழையதன் எண்ணைக் குறித்துக்கொண்டேன்:

ஃபைண்ட் . -எக்ஸ்டெவ் -மேக்ஸ்டெப்த் 1 -ஐனம் 48236719 -பிரிண்ட்

ஒரே வரி வந்தது. கடைசிச் சொல்லை '-டெலீட்' ஆக்கினேன். '-எக்ஸ்டெவ்' எதற்கென்றால், ஐநோடு எண் ஒரு கோப்பு முறைக்குள்தான் தனித்தது; அடுத்த தட்டிலும் அதே எண் இருக்கலாம். ஒரே கோப்புக்கு இரண்டு வன்பெயர்கள் இருந்தால் இரண்டுக்கும் ஒரே எண் என்பதையும் நினைவில் வைக்கவேண்டும்.

அன்றே இன்னொரு சின்ன இடைஞ்சல். வேலையில் பாதியை என் கணினியிலிருந்து என்எஃப்எஸ் (தொலைவிலுள்ள கோப்புகளை வலையமைப்பில் திறக்கும் முறை) வழியாகச் செய்துகொண்டிருந்தேன். ஒரு கோப்புறையில் எல்லாவற்றையும் நீக்கியும், புள்ளியில் தொடங்கி '.என்எஃப்எஸ்' என்று நீண்ட எண்களோடு ஒரு கோப்பு முளைத்தது. நீக்கப்போனால் புழக்கத்தில் இருக்கிறது என்றது. 'சூடோ' இங்கே இன்னும் மோசம்: பெரும்பாலான என்எஃப்எஸ் சர்வர்களைப் போல இதுவும் தொலைவிலிருந்து வரும் ரூட்டை யாருமில்லாத பயனராக நடத்தியது. இருந்த உரிமையும் போயிற்று. திறந்திருக்கும் கோப்புகளைக் காட்டும் 'எல்எஸ்ஓஎஃப்' போட்டுப் பார்த்தால், நீக்கிய பதிவுக் கோப்பை நானே இன்னொரு சன்னலில் திறந்து வைத்திருக்கிறேன். சன்னலை மூடினேன், கோப்பு தானாகப் போனது.

ஞாயிறு

ஒன்பது கோப்புகள் மிச்சம். "ஆப்பரேஷன் நாட் பர்மிட்டெட்". கோப்புறைக்கு எழுதும் உரிமை உண்டு. ரூட்டாகவும் மறுப்பு. ரூட்டையே மறுக்கிறது என்றால் தட்டில்தான் கோளாறு என்று தீர்மானித்து, தட்டைக் கழற்றி, கோப்பு முறையைச் சோதிக்கும் 'எஃப்எஸ்சிகே' ஓட்டினேன். 50 நிமிடம். குறை எதுவும் இல்லை என்றது. கேபிளைக்கூட மாற்றினேன், எழுத வெட்கமாக இருக்கிறது.

செய்தி வேறு என்பதை இரண்டு நாளாகப் பார்த்துக்கொண்டே இருந்தும் கவனிக்கவில்லை. வெள்ளிக்கிழமை வந்தது "பெர்மிஷன் டினைடு", கெர்னலின் பிழை எண் 13, உரிமைக் குறிகள் சம்பந்தப்பட்டது. இது எண் 1, உரிமை இருந்தும் விதி தடுக்கிறது. சாதாரணப் பயனருக்கு இது வந்தால் கோப்புறையின் உரிமை வரிசைக் கடைசியில் 'டி' என்ற ஒட்டுக்குறி இருக்கிறதா என்று பார்க்கலாம். '/டெம்ப்' போன்ற பொது இடங்களில் ஒருவர் கோப்பை மற்றவர் நீக்காமல் தடுப்பது அது. ரூட்டுக்கே வந்தால், கோப்பின் சிறப்புப் பண்புகளைக் காட்டும் 'எல்எஸ்ஆட்டர்'. அடித்த மாத்திரத்தில் ஒன்பது வரிகளிலும் கோடுகளுக்கு நடுவே ஒரு 'ஐ'. மாற்ற முடியாதது என்ற பண்பு. அது இருக்கும்வரை எழுதவோ பெயர் மாற்றவோ நீக்கவோ யாராலும் முடியாது. 'சூடோ சிஎச்ஆட்டர் -ஐ' போட்டுக் குறியைக் கழற்றினேன்.

எட்டு போயின. ஒன்பதாவது அப்போதும் அசையவில்லை. கோப்பில் குறி இல்லை. மறுபடியும் அதே பாடம்: கோப்புறையைப் பார். 'எல்எஸ்ஆட்டர் -டி' போட்டால்தான் கோப்புறையின் சொந்தப் பண்பு தெரியும், '-டி' இல்லாவிட்டால் உள்ளிருப்பவற்றைத்தான் பட்டியலிடும். கோப்புறைக்கும் ஒரு 'ஐ'. அதையும் கழற்றியதும் முடிந்தது. மேக்கிலும் பிஎஸ்டி வகைகளிலும் இதே வேலையைச் செய்வது 'சிஎச்ஃபிளாக்ஸ்'.

இறுதியாக 'டிஎஃப்'. 96-இலிருந்து 64-க்கு இறங்கவேண்டும் என்பது என் கணக்கு. 70 என்றது. 'டியூ' போட்டுக் கூட்டினால் 64-க்கு உரிய அளவுதான் வருகிறது. நடுவில் 210 ஜிபியைக் காணவில்லை. இதில் மட்டும் நேரத்தை வீணாக்கவில்லை, எங்கே பார்ப்பது என்று தெரியும்: 'எல்எஸ்ஓஎஃப் +எல்1', பெயரெல்லாம் நீக்கப்பட்டும் இன்னும் திறந்திருக்கும் கோப்புகளைக் காட்டும். காப்பு நிரல் ஒன்று தன் பதிவுக் கோப்பைத் திறந்தபடியே ஓடிக்கொண்டிருந்தது. நான் நீக்கியது அதன் பெயரை மட்டும். அந்த நிரல் மூடும்வரை கெர்னல் இடத்தை விடுவிக்காது. நிரலை மறுதொடக்கம் செய்தேன், 64.

'கணக்கு'வை வெளியே நகர்த்தினேன். கடைசியாக 'ஆர்எம் -ஆர்' போடாமல் 'ஆர்எம்டிர்' போட்டேன், காலிக் கோப்புறையைத் தவிர வேறெதையும் அது தொடாது. உள்ளே ஏதாவது மிஞ்சியிருந்தால் சொல்லியிருக்கும்.

அடுத்த முறை தலைகீழாகத் தொடங்குவேன். முதலில் இணைப்புகளைப் பார்ப்பது, பிறகு 'எல்எஸ்ஆட்டர் -ஆர்', பிறகு திறந்திருக்கும் கோப்புகள். மூன்றும் சேர்ந்து கால் மணி நேரம். அதன்பின்தான் நீக்கும் கட்டளை, பிழைகள் வேறொரு தட்டிலுள்ள கோப்புக்கு. 'எஃப்எஸ்சிகே'க்குப் போன 50 நிமிடத்தை அதிலேயே மிச்சம் பிடித்திருக்கலாம்.

'கணக்கு'வுக்குள் போய், சனிக்கிழமை நீக்கிய அந்தக் காவல் கோப்பை 'டச் ./-ஐ' என்று அடித்து மீண்டும் நட்டுவைத்தேன். மேலிருந்து '-ஆர்எஃப்' போட்டு வருபவரை அது தடுக்காது. உள்ளே நின்று நட்சத்திரக்குறி அடிப்பவரை ஒரு கேள்வி கேட்கும்.